இடப்பக்கப் பெருங்குடல் புற்றுநோயால் முழு அடைப்பு: சீக்கம் கிழியத் தொடங்கிய நிலையில் இரு கட்டமாகச் செய்யப்பட்ட அறுவை

இடப்பக்கப் பெருங்குடலில் புற்றுநோய் வளர்ந்து வழியை முழுவதும் அடைத்துவிடும்போது அறுவை மருத்துவரின் கவனம் முதலில் கட்டியின் மேல் செல்வது இயல்பு. ஆனால் அடைப்பு நேர்ந்த அந்தச் சில நாட்களில் உயிருக்கு உலை வைப்பது பெரும்பாலும் கட்டிக்கு வெகு தொலைவில், வலப்பக்க அடிவயிற்றில் பெருங்குடல் தொடங்கும் இடமான சீக்கம் என்னும் பகுதியாகும். எந்த அறுவையைச் செய்வது, எவ்வளவு குடலை எடுப்பது, எடுத்தபின் முனைகளை இணைப்பதா விடுவதா என்ற மூன்று கேள்விகளுக்கும் சீக்கத்தின் நிலையும் நோயாளியின் பொது உடல்நிலையுமே விடை தந்த ஒரு நிகழ்வை இங்கே விரிவாகப் பதிவு செய்கிறேன். நோயாளியை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் தவிர்க்கப்பட்டுள்ளன.

வந்த நிலை

தமிழ்நாட்டின் தென்மாவட்டம் ஒன்றைச் சேர்ந்த, விவசாயக் கூலி வேலை செய்துவந்த 62 வயது அம்மையார் ஒருவரை அவருடைய மகள் இரவு 9 மணியளவில் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துவந்தார். ஐந்து நாட்களாக மலம் கழியவில்லை. இரண்டு நாட்களாக வாயுவும் பிரியவில்லை. வயிறு நாளுக்கு நாள் உப்பிக்கொண்டே வந்திருக்கிறது. வாந்தி அன்றைக்குத்தான், அதுவும் ஒரே ஒரு முறை. வாந்தி குறைவாக இருந்ததால் அடைப்பு பெரிதாக இருக்காது என்று வீட்டார் எண்ணியிருந்தார்கள். உண்மை நேர்மாறானது என்பது பின்னர் சி.டி. ஸ்கேனில் தெரிந்தது.

நான்கு மாதங்களாகவே அவருக்கு மலம் கழிக்கும் வழக்கம் மாறியிருந்தது. சில நாள் மலச்சிக்கல், சில நாள் சளியோடு கழிச்சல், இடையிடையே இரத்தம். மூலம் என்று சொல்லிக் களிம்பும் மாத்திரைகளும் கொடுத்திருக்கிறார்கள். இரத்தசோகை கண்டபோது இரும்புச்சத்து மாத்திரை எழுதியிருக்கிறார்கள். ஆசனவாய் வழியே விரல் பரிசோதனையோ, கேமராக் குழாயால் பெருங்குடலின் உட்புறத்தைப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பியோ ஒருமுறைகூடச் செய்யப்படவில்லை. 50 வயதைக் கடந்த ஒருவருக்கு மலத்தில் இரத்தம், இரும்புச்சத்துக் குறைவால் வரும் சோகை, மலப்பழக்கத்தில் மாற்றம் ஆகிய மூன்றும் சேர்ந்திருக்கும்போது, கண்ணுக்குத் தெரியும் மூலம் இருந்தாலும்கூட, பெருங்குடலை முழுவதும் பார்க்காமல் சிகிச்சையைத் தொடர்வதை ஏற்க முடியாது என்பதே என் உறுதியான கருத்து. இந்த அம்மையாருக்கு மூலம் இருந்ததற்கான தடயமே இல்லை.

பரிசோதனையில் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 118, இரத்த அழுத்தம் 96/60, உடல் வெப்பம் 37.9 டிகிரி செல்சியஸ். நாக்கு வறண்டிருந்தது. வயிறு முழுவதும் உப்பி, தட்டிப் பார்த்தால் காற்றடைத்த ஒலி எழுந்தது. கட்டி எதுவும் கைக்குத் தட்டுப்படவில்லை. வலப்பக்க அடிவயிற்றை மெல்ல அழுத்தியபோது மட்டும் அவர் முகம் சுளித்துக் கையைப் பிடித்துக்கொண்டார். மலக்குடல் வெறுமையாக இருந்தது. இடப்பக்க அடைப்பில் வலப்பக்கம் வலிக்கிறது என்றால் சீக்கத்தின் சுவர் இரத்த ஓட்டம் இழந்துவருகிறது என்றே, வேறு காரணம் நிறுவப்படும் வரை, கொள்ள வேண்டும்.

ஹீமோகுளோபின் 8.4 கிராம், வெள்ளணுக்கள் 15,800, கிரியாட்டினின் 1.9, சோடியம் 131, பொட்டாசியம் 2.9, ஆல்புமின் என்னும் இரத்தப் புரதம் 2.6, திசுக்களுக்கு இரத்தம் போதாதபோது உயரும் லாக்டேட் 3.4 என முடிவுகள் வந்தன. சிறுநீரகம் தளர்ந்திருந்த நிலையில் சாய மருந்து செலுத்தி ஸ்கேன் எடுப்பது குறித்துத் தயக்கம் எழுந்தது. முதல் லிட்டர் நீர்மம் ஏறியபின் எடுப்பதென்று முடிவு செய்தோம். குடல் சுவரின் இரத்த ஓட்டத்தைச் சாயமின்றி மதிப்பிட முடியாது, அதைத் தெரியாமல் அறுவையைத் திட்டமிடவும் முடியாது.

ஸ்கேனில், மலக்குடலுக்குச் சற்று மேலே உள்ள சிக்மாய்டு குடலின் மேற்பகுதியில் ஏறத்தாழ 4 செ.மீ. நீளத்துக்குச் சுவர் தடித்து வழி முற்றிலும் அடைபட்டிருந்தது. அதற்கு மேலே பெருங்குடல் முழுவதும் விரிந்து, சீக்கம் 12.5 செ.மீ. விட்டத்தை எட்டியிருந்தது, அதன் முன்சுவருக்குள் மெல்லிய காற்றுக் கோடுகள் தெரிந்தன. சிறுகுடல் விரியவே இல்லை. கல்லீரலிலும் நுரையீரலின் கீழ்ப்பகுதியிலும் நோய் பரவியதற்கான அறிகுறி காணப்படவில்லை. வயிற்றறைக்குள் சிறிதளவு நீர் இருந்தது. வெளியேறிய காற்று இல்லை.

சீக்கம் ஏன் முதலில் கெடுகிறது

சிறுகுடல் சீக்கத்தில் சேரும் இடத்தில் ஒரு வால்வு உண்டு. மனிதர்களில் பெரும்பான்மையோருக்கு அது உள்ளே வருவதை விடும், திரும்பிப் போக விடாது. கீழே கட்டி அடைத்துக்கொண்டு, மேலே வால்வும் இறுகிக்கொண்டால் பெருங்குடல் இரு முனையும் மூடிய குழாயாகிவிடுகிறது. சிறுகுடலிலிருந்து நீரும் காற்றும் வந்துகொண்டே இருக்க, வெளியேற வழியில்லாமல் அழுத்தம் ஏறுகிறது. இந்த நோயாளியின் சிறுகுடல் விரியாமலும் வாந்தி மிகாமலும் இருந்ததற்கு அதுவே காரணம். வால்வு தளர்ந்தவர்களுக்கு அழுத்தம் சிறுகுடலுக்குள் பின்வாங்கும். அவர்கள் அதிகம் வாந்தியெடுப்பார்கள், ஆனால் பெருங்குடல் வெடிப்பதற்குச் சற்றுக் கூடுதல் அவகாசம் கிடைக்கும்.

குழாயின் உள்ளே அழுத்தம் எங்கும் ஒன்றாக இருந்தாலும், சுவரின் மேல் விழும் இழுவிசை ஆரத்தோடு சேர்ந்து கூடுகிறது என்பது லாப்லாஸ் விதி. பெருங்குடலில் மிக அகன்ற பகுதியும் சுவர் மெல்லிய பகுதியும் சீக்கமே. ஊதிய பலூனின் அகன்ற வயிறு முதலில் வெளிறுவதைப் போல அதன் சுவர் மெலிகிறது. சுவருக்குள் ஓடும் நுண்குழாய்கள் நசுங்குகின்றன. வெளியுறை நீளவாக்கில் பிளக்கிறது. பின்னர் முழுச் சுவரும் அழுகித் துளை விழுகிறது. எக்ஸ்ரேயில் சீக்கம் 9 செ.மீ. தாண்டினால் விரிந்ததாகவும் 12 செ.மீ. தாண்டினால் ஆபத்தானதாகவும் கொள்வது வழக்கம். இந்த அளவைவிட அது எத்தனை நாளாக விரிந்திருக்கிறது, அந்த இடத்தில் வலி இருக்கிறதா, சுவருக்குள் காற்று புகுந்திருக்கிறதா என்பவற்றுக்கு நான் கூடுதல் மதிப்பளிக்கிறேன். துளை விழுந்து மலம் வயிற்றறைக்குள் சிந்திவிட்டால் இறப்பு விகிதம் பல மடங்கு உயர்ந்துவிடுகிறது.

முடிவெடுத்த விதம்

எங்கள் முன் பல வழிகள் இருந்தன. முதலாவது, குடலுக்குள் ஸ்டென்ட் என்னும் விரியும் உலோக வலைக்குழாயைச் செலுத்தி அடைப்பைத் திறந்து, சில வாரங்களில் உடல்நிலையைத் தேற்றித் திட்டமிட்டு அறுவை செய்வது. 2011 இல் வெளிவந்த நெதர்லாந்து ஆய்வு பாதியிலேயே நிறுத்தப்பட்டபின் இம்முறைமேல் இருந்த நம்பிக்கை குறைந்திருந்தது. துளை விழுந்து புற்றணுக்கள் பரவிவிடுமோ என்ற அச்சமும் இருந்தது. 2022 இல் வெளியான பிரிட்டனின் கிரெஸ்ட் ஆய்வு, முதலில் ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு ஸ்டோமா (மலம் பைக்குள் வெளியேற வயிற்றுச் சுவரில் அமைக்கும் குடல்வாய்) தேவைப்படுவது குறைகிறது, மூன்றாண்டு உயிர்வாழ்வில் பாதிப்பு இல்லை என்று காட்டியது. தேர்ந்த கைகள் உள்ள இடத்தில், தகுந்த நோயாளிக்கு, ஸ்டென்ட் நல்ல வழியே. ஆனால் சீக்கத்தின் சுவர் அழுகும் நிலையில் இருப்பவருக்கு அது பொருந்தாது: அழுத்தம் இறங்கினாலும் செத்த சுவர் உயிர்பெறாது.

இரண்டாவது வழி, குறுக்குப் பெருங்குடலை வயிற்றுக்கு வெளியே கொண்டுவந்து கொலாஸ்டமி (பெருங்குடலில் அமைக்கும் ஸ்டோமா) மட்டும் செய்துவிட்டுக் கட்டியைப் பின்னர் எடுப்பது. அண்மைக் காலத்தில் இதற்கு மீண்டும் ஆதரவு பெருகியிருக்கிறது. மிகவும் தளர்ந்த நோயாளிக்கு நானும் இதையே தேர்ந்தெடுப்பேன். இங்கே சீக்கத்தைக் கண்ணால் பார்க்காமல் விடுவது பெரும் பிழையாகிவிடும் என்பதால் இதுவும் கழிந்தது.

மூன்றாவது, கட்டியுள்ள பகுதியை எடுத்து, மேல்முனையைக் கொலாஸ்டமியாக்கி, மலக்குடலை மூடி உள்ளே விடுவது. 1921 இல் ஸ்ட்ராஸ்பூர்க்கில் நடந்த பிரெஞ்சு அறுவை மருத்துவர் மாநாட்டில் ஆன்றி ஹார்ட்மன் விளக்கிய இந்த முறை நூறாண்டு கடந்தும் நள்ளிரவு அவசர அறுவைகளில் பலரும் நாடும் வழியாக நிற்கிறது. நாங்களும் இதையே முதல் திட்டமாக வைத்துக்கொண்டோம். சீக்கம் காப்பாற்ற முடியாத நிலையில் இருந்தால் சீக்கத்திலிருந்து கட்டிவரை முழுவதையும் எடுத்துவிடுவது மாற்றுத் திட்டம்.

அறுவைக்கு முன் ஐந்து மணி நேரம் எடுத்துக்கொண்டோம். துளை விழாத நிலையில் அந்த நேரத்தை வீணென்று கருதக் கூடாது. ரிங்கர் லாக்டேட், பொட்டாசியம், இரண்டு யூனிட் இரத்தம், மூக்கு வழியே இரைப்பைக் குழாய், சிறுநீர் அளக்கக் குழாய், செஃப்ட்ரியாக்சோன், மெட்ரோனிடசோல் ஆகியவை அளிக்கப்பட்டன. சிறுநீர் மணிக்கு 30 மி.லி. தாண்டியது, லாக்டேட் 2.6 ஆக இறங்கியது. இரத்த அழுத்தத்தைத் தாங்கக் குறைந்த அளவு நார்அட்ரினலின் தேவைப்பட்டுக்கொண்டே இருந்தது.

அந்த இடைவேளையில் ஸ்டோமா வரக்கூடிய இடத்தை வயிற்றின் இரு பக்கமும் குறித்தோம். சேலை கட்டுபவர்களுக்குப் பாவாடை நாடா இறுகும் கோட்டில் ஸ்டோமா அமைந்துவிட்டால் பை ஒட்டாது, கசியும், தோல் புண்ணாகும். படுத்த நிலையில் குறித்துவிட்டால், உட்காரும்போது அந்த இடம் வயிற்று மடிப்புக்குள் மறைந்துவிடும். அவருக்கும் கண்ணுக்குத் தெரியாது. எனவே அந்த அம்மையாரைத் தாங்கி உட்காரவைத்து, நாடாத் தழும்புக்குக் கீழே, அவரே குனிந்து பார்க்கக்கூடிய இடத்தில் குறியிட்டோம். எத்தனை அவசரமானாலும் இதைச் செய்யச் சில நிமிடங்கள் போதும்.

"கட்டிய எடுத்துட்டு அப்பவே சேத்துத் தச்சிர முடியாதா டாக்டர்? பை இல்லாம?" என்று மகள் கேட்டார். தைக்க முடியும், ஆனால் சத்தும் இரத்த அழுத்தமும் குறைந்த இந்த நிலையில் தையல் ஒட்டாமல் விட்டுப்போனால் அம்மாவை இழக்க நேரலாம், பை பெரும்பாலும் தற்காலிகமானது, தேறியபின் சேர்க்க முயல்வோம் என்று விளக்கினேன். நோயாளியிடமும் தனியாகச் சொன்னேன். சம்மதம் தர வேண்டியவர் அவர்தாம்.

அறுவை

நடுக்கோட்டில் வயிறு திறக்கப்பட்டது. முதலில் பார்த்தது சீக்கத்தை. அதன் முன்சுவரில் வெளியுறை இரண்டு இடங்களில் நீளமாகப் பிளந்திருந்தது. பிளவுகளுக்கு நடுவே மூன்று விரல் அகலத்துக்குச் சுவர் பச்சை கலந்த கறுப்பாக மாறியிருந்தது. துளை இன்னும் விழவில்லை. அத்துடன் மாற்றுத் திட்டமே திட்டமாயிற்று.

உறிஞ்சு குழாயோடு இணைத்த தடித்த ஊசியைக் குறுக்குப் பெருங்குடலின் நல்ல சுவரில் சாய்வாகச் செலுத்திக் காற்றை வெளியேற்றினோம். இதைச் செய்யாமல் சீக்கத்தைக் கையில் எடுத்தால் எடுத்த கையிலேயே அது கிழியும். அழுத்தம் தணிந்தபின் அழுகிய பகுதியை ஈரத் துணியால் மூடி, வலப்பக்கத்திலிருந்து பெருங்குடலை விடுவிக்கத் தொடங்கினோம். முன்சிறுகுடலும் வலச் சிறுநீர்க்குழாயும் தெளிவாகக் காணப்பட்டுப் பாதுகாக்கப்பட்டன. மண்ணீரல் வளைவில், விரிந்த குடலை இழுத்தால் மண்ணீரலின் உறை கிழியும் என்பதால், இருபுறமிருந்தும் அணுகி நடுவில் சந்தித்தோம். இந்த அறுவையில் அதிக நேரம் எடுத்த கட்டமும் அதுதான்.

கட்டி இடப்பக்க வயிற்றறை உறையோடு ஒட்டியிருந்தது. அந்த ஒட்டுதல் வெறும் அழற்சியா, புற்றுநோய் ஊடுருவியதா என்பதை அறுவை மேசையில் விரலால் தடவிச் சொல்ல முடியாது. பிரித்துப் பார்க்க முயன்று கட்டியைப் பிளந்துவிட்டால் புற்றணுக்கள் சிந்தும். ஆகவே உறையின் அப்பகுதியையும் சேர்த்தே வெட்டி எடுத்தோம். இடச் சிறுநீர்க்குழாய் அதற்குச் சற்றுக் கீழே தப்பியிருந்தது. கீழ்க் குடல்தாங்கித் தமனி அதன் தொடக்கத்துக்கு அருகில் கட்டப்பட்டு, நிணநீர்க் கணுக்கள் குடலோடு சேர்த்து எடுக்கப்பட்டன. அவசர அறுவை என்பதற்காகப் புற்றுநோய் அறுவையின் ஒழுங்கைத் தளர்த்தக் கூடாது. நள்ளிரவில் விட்டுவைத்த கணுக்களை எடுக்க இரண்டாம் வாய்ப்பு பொதுவாகக் கிடைப்பதில்லை.

இனி இணைப்பதா? இடப்பக்க அடைப்பில் பெருங்குடலின் பெரும்பகுதியை எடுத்துச் சிறுகுடலை நேரே இணைப்பது ஏற்கப்பட்ட முறை. 1995 இல் வெளியான ஸ்கோஷியா ஆய்வில் 91 நோயாளிகள், அவ்வாறு இணைக்கப்பட்டவர்கள் என்றும், மேசையிலேயே குடலைக் கழுவிக் கட்டியுள்ள பகுதியை மட்டும் எடுத்து இணைக்கப்பட்டவர்கள் என்றும் பிரித்து ஒப்பிடப்பட்டார்கள். இறப்பிலும் இணைப்புக் கசிவிலும் பெரிய வேறுபாடு இல்லை, முதல் பிரிவினர் அடிக்கடி மலம் கழிக்க வேண்டியிருந்தது. சுவர் நன்றாக இருக்கும் சிறுகுடலை மலக்குடலோடு இணைப்பது தொழில்நுட்ப அளவில் எளிது. எங்களைத் தடுத்தது குடலின் நிலையன்று. நார்அட்ரினலின் ஓடிக்கொண்டிருந்ததும், ஆல்புமின் 2.6 ஆக இருந்ததும், சிறுநீரகம் இன்னும் தேறாததும்தான். இணைக்கவில்லை. மலக்குடலின் மேல்முனை ஸ்டேப்ளரால் மூடப்பட்டு, பின்னர் தேடிக் கண்டுபிடிக்க ஏதுவாக இரு ஓரத்திலும் நீண்ட நீல நிறப் பாலிப்ரொப்பிலீன் நூல் விடப்பட்டது. சிறுகுடலின் முனை, 1952 இல் பிரையன் புரூக் விளக்கியபடி வெளிப்புறமாக மடித்து, 2.5 செ.மீ. உயரமான இலியாஸ்டமியாக (சிறுகுடல் ஸ்டோமாவாக) வலப்பக்கக் குறியில் அமைக்கப்பட்டது. அறுவை மூன்றரை மணி நேரம் நடந்தது.

அறுவைக்குப் பின்

மறுநாள் காலை நார்அட்ரினலின் நிறுத்தப்பட்டது. மூன்றாம் நாள் இலியாஸ்டமி செயல்படத் தொடங்கியது. ஆறாம் நாள் வெட்டுக்காயத்தின் கீழ்ப்பகுதியில் சீழ் பிடித்தது. சில தையல்களை அகற்றி நாள்தோறும் கட்டியதில் ஆறிவிட்டது.

எட்டாம் நாள் வந்த சிக்கல்தான் கவலை தந்தது. இலியாஸ்டமியிலிருந்து ஒரே நாளில் 2.4 லிட்டர் வெளியேறியது. சோடியம் 128 ஆகவும் கிரியாட்டினின் மீண்டும் 1.7 ஆகவும் ஆனது. கோடைக்காலம், தாகமெடுத்திருக்கிறது, வீட்டார் அன்போடு இளநீரும் தண்ணீரும் மாறி மாறிக் கொடுத்திருக்கிறார்கள். இலியாஸ்டமி நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 100 மில்லிமோல் சோடியம் போகிறது. இளநீரில் பொட்டாசியம் மிகுதி, சோடியம் மிகக் குறைவு. வெறும் தண்ணீரும் இளநீரும் குடலுக்குள் சென்றால் இரத்தத்திலுள்ள சோடியத்தை உள்ளே இழுத்துக்கொண்டு பையில் வந்து விழுகின்றன. குடிக்கக் குடிக்கத் தாகம் கூடுகிறது, போக்கும் கூடுகிறது. இதை நோயாளியின் வீட்டாருக்குப் பொறுமையாக விளக்க வேண்டும், ஏனெனில் வயிற்றுப்போக்குக்கு இளநீர் நல்லது என்பது நம் ஊரில் தலைமுறைகளாக வரும் அறிவுரை.

வெறும் நீர்மங்களை நாளுக்கு ஒரு லிட்டருக்குள் நிறுத்தினோம். ஒரு லிட்டர் நீரில் 20 கிராம் குளுகோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சோடியம் பைகார்பனேட் கலந்த கரைசலைச் சிறுகச் சிறுகப் பருகச் செய்தோம். இதில் சோடியம் 90 மில்லிமோல் இருக்கும், வழக்கமான ஓ.ஆர்.எஸ். கரைசலில் 75. உணவுக்கு அரைமணி நேரம் முன் குடல் ஓட்டத்தைத் தணிக்கும் லோபரமைடு 4 மி.கி., அத்துடன் இரைப்பைச் சுரப்பைக் குறைக்கும் ஒமெப்ரசோல், சிரை வழியே சலைன், மெக்னீசியம். உப்புப் போட்ட சோற்றுக் கஞ்சி அவருக்குப் பிடித்தும் இருந்தது, போக்கைக் கெட்டிப்படுத்தவும் உதவியது. நான்கு நாட்களில் வெளியேற்றம் ஒரு லிட்டருக்குக் கீழே வந்தது. பையை மாற்றுவதை மகளுக்கு மட்டுமன்றி நோயாளிக்கே பழக்கிய பின்னர், 16 ஆம் நாள் வீட்டுக்கு அனுப்பினோம்.

திசு ஆய்வும் தொடர் சிகிச்சையும்

கட்டி நடுத்தர வேறுபாடு கொண்ட அடினோகார்சினோமா (சுரப்பித் திசுவில் எழும் புற்றுநோய்). சுவரைக் கடந்து சுற்றுக் கொழுப்பு வரை சென்றிருந்தது. வயிற்றறை உறையோடு இருந்த ஒட்டுதல் அழற்சி மட்டுமே. வெட்டு ஓரங்களில் நோய் இல்லை. 31 நிணநீர்க் கணுக்களில் 3 இல் புற்றணுக்கள் இருந்தன. அதாவது டி3, என்1; மூன்றாம் நிலையின் பி பிரிவு. நிலையைச் சரியாகக் கணிக்கக் குறைந்தது 12 கணுக்களாவது பரிசோதிக்கப்பட வேண்டும். சீக்கத்தின் சுவர் முழு ஆழத்துக்கும் அழுகியிருந்ததை ஆய்வு உறுதி செய்தது. ஏறு பெருங்குடலில் 1.5 செ.மீ. அளவில், புற்றுநோயாக மாறும் தறுவாயில் இருந்த அடினோமா என்னும் ஒரு வளர்ச்சியும் அகப்பட்டது. அடைப்போடு வருபவர்களுக்குக் கட்டிக்கு மேலே கொலோனோஸ்கோப்பியால் பார்க்க முடிவதில்லை. கட்டியுள்ள பகுதியை மட்டும் எடுத்திருந்தால், சில மாதங்களுக்குள் எஞ்சிய குடலைத் தவறாமல் பார்த்தாக வேண்டியிருந்திருக்கும்.

ஏழாவது வாரத்தில் கீமோதெரபி தொடங்கியது. ஆக்ஸாலிபிளாட்டின் ஊசியும் கேபசிடபின் மாத்திரையும் சேர்ந்த சிகிச்சையை மூன்று மாதம் தருவதா ஆறு மாதமா என்று புற்றுநோய் மருத்துவரோடு கலந்து பேசினோம். 2018 இல் வெளியான ஐடியா கூட்டாய்வின்படி டி3, என்1 நிலைக்கு மூன்று மாதச் சிகிச்சை பயனில் ஏறத்தாழ ஆறு மாதத்துக்கு ஈடானது, நரம்புப் பாதிப்போ வெகு குறைவு. அடைப்போடு வந்தது நோயின் போக்கைக் கடுமையாக்கும் கூறு என்பதால் கூடுதல் சிகிச்சை வேண்டும் என்ற வாதமும் எழுந்தது. ஆனால் கேபசிடபின் கழிச்சலை உண்டாக்கும். இலியாஸ்டமி உள்ளவருக்கு அது நேரே சிறுநீரகத்தைத் தாக்கும். சிறுநீரகத்தின் வடிதிறன் குறைந்திருந்ததால் கேபசிடபின் முக்கால் பங்காகக் குறைக்கப்பட்டு, நான்கு சுற்றுகளோடு நிறுத்தப்பட்டது. மருத்துவச் செலவின் பெரும்பகுதியை முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஏற்றது; கூலி இழப்பை ஏற்க யாருமில்லை, மகளின் வேலையும் அதில் போயிற்று.

முதல் அறுவைக்கு ஆறு மாதம் கழித்து, ஸ்கேனில் நோய் இல்லை என்றும், இரத்தத்தில் சி.இ.ஏ. என்னும் புற்றுநோய்க் குறியீட்டின் அளவு 22 இலிருந்து 2.1 ஆகக் குறைந்தது என்றும், ஆல்புமின் 3.9 ஆனது என்றும் உறுதியானபின் இரண்டாம் அறுவை செய்யப்பட்டது. அதற்கு முன் மலக்குடலை எண்டோஸ்கோப்பியால் பார்த்தோம். ஆசனவாய்த் தசையின் இறுக்கத்தையும் விரலால் சோதித்தோம், ஏனெனில் பெருங்குடல் இல்லாதவருக்கு மலம் இளகியே வரும், தளர்ந்த தசையால் அதைத் தாங்க முடியாது. தசை வலுவாக இருந்தது. நீல நூல்களைப் பின்பற்றி மலக்குடல் முனையைக் கண்டடைந்து, வட்ட ஸ்டேப்ளரால் சிறுகுடலை அதனோடு இணைத்து, நீருக்கடியில் காற்று செலுத்திக் கசிவில்லை என்று உறுதி செய்தோம். தற்காலிக ஸ்டோமா எதுவும் தேவைப்படவில்லை.

தொடக்கத்தில் நாளுக்கு ஏழெட்டு முறை மலம் கழிந்தது. லோபரமைடோடு மூன்று மாதத்தில் அது மூன்று நான்கு முறையாகக் குறைந்தது. இரவில் எழ வேண்டியிருக்கவில்லை. முதல் அறுவையிலிருந்து 18 மாதங்கள் கடந்த கடைசிப் பரிசோதனையில் நோய் திரும்பியதற்கான அறிகுறி இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை சி.இ.ஏ., ஆண்டுக்கு ஒருமுறை ஸ்கேன், எஞ்சிய மலக்குடலுக்கு எண்டோஸ்கோப்பி என்று தொடர் கண்காணிப்பு ஐந்தாண்டு வரை வகுக்கப்பட்டுள்ளது. 40 வயதை எட்டவுள்ள மகளுக்கும் கொலோனோஸ்கோப்பி செய்யுமாறு சொல்லியிருக்கிறோம், தேதி குறித்தாகிவிட்டது.